தேநீரில் நனைத்த நூறு வயது

வெளிநாடு போய் வந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். போர்டிங் பாஸ், அருங்காட்சியக நுழைவுச் சீட்டு, மெட்ரோ டிக்கெட், காபிக் கடை பில் எல்லாம் அதில் கிடக்கும். ஐந்தாறு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் பாதித் தாள்களில் எழுத்து போன இடம் தெரியாது. அதே டப்பாவில், பாரிஸின் சேன் நதிக்கரையில் வாங்கிய 1905-ஆம் வருடத்து அஞ்சலட்டை ஒன்று இருந்தால், யாரோ யாருக்கோ எழுதிய இரண்டு வரி இன்றைக்கும் பளிச்சென்று இருக்கும்.

இப்போதைய பில்களும் பல போர்டிங் பாஸ்களும் மையால் அச்சாவதில்லை என்பதுதான் காரணம். தாளின் மேல் நிறமற்ற சாயம் ஒன்றும், லேசான அமிலத்தன்மை உள்ள இன்னொரு பொருளும் முன்கூட்டியே பூசப்பட்டிருக்கும். அச்சு இயந்திரத்தின் சூடான முனை தொடும் இடத்தில் இரண்டும் உருகிக் கலக்கும், சாயம் கறுக்கும். அந்தச் சேர்க்கை உறுதியானதல்ல. வெளிச்சமும் வெப்பமும் அதைக் கலைக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பி.வி.சி. உறையில் செருகி வைத்தால் இன்னும் மோசம். அந்தப் பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் தாளில் இறங்கி எழுத்தை அழித்துவிடும்.

பயணத்தின் சின்னச் சின்ன ஞாபகங்களைக் காகிதத்தில் நிறுத்த வேண்டுமானால் வேறு வழி தேட வேண்டும். கொஞ்ச காலமாகப் பலர் கையிலெடுத்திருக்கும் வழி, பழைய பாணியில் தாங்களே தாள் தயாரிப்பது. பழைய ரயில் டிக்கெட், ஓட்டல் பெட்டி லேபிள், தபால் உறை, வரைபடத் துண்டு ஆகியவற்றைக் கணினியில் வடிவமைத்து, வீட்டு பிரிண்டரில் அச்செடுத்து, வெட்டி, மடித்து, பயணக் குறிப்பேட்டில் ஒட்டுகிறார்கள். அச்சடித்த தாளை வாங்கி வீட்டில் வெட்டி ஒட்டும் பழக்கம் புதிதல்ல. பிரான்ஸின் கிழக்கே எப்பினால் என்ற ஊரில் ழான் ஷார்ல் பெல்லரன் 1796-இல் தொடங்கிய அச்சகம் இதற்குப் பேர்போனது. காகிதச் சிப்பாய்கள், வெட்டி நிறுத்தும் கட்டடங்கள் என்று பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு அது அனுப்பிய தாள்களுக்குக் கணக்கில்லை. அச்சகம் இன்றும் அங்கே இருக்கிறது.

மாதிரிக்கு மூலம் வேண்டுமே. சேன் நதியின் கைப்பிடிச் சுவரில் கரும்பச்சைப் பெட்டிகளைப் பூட்டி வைத்திருக்கும் பழைய புத்தகக் கடைக்காரர்களிடம் அது தாராளமாகக் கிடைக்கும். சுமார் 900 பெட்டிகள். 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக அவற்றில் பலவற்றை அகற்றப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். அங்கே அஞ்சலட்டையைக் கையில் எடுத்தால் படத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் 1903 கடைசி வரை பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான். அதனால்தான் அதற்கு முந்தைய அட்டைகளில் ஐஃபல் கோபுரத்தைச் சுற்றி, வானத்திலும் மரத்திலும், பொடி எழுத்தில் நலம் விசாரித்திருப்பார்கள். நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி செய்திக்கு, மறு பாதி முகவரிக்கு என்று பிரிக்கும் வழக்கம் பிரிட்டனில் 1902-இலும், ஜெர்மனியில் 1905-இலும், அமெரிக்காவில் 1907-இலும் வந்தது. 1899 என்று தேதி போட்டுப் பின்பக்கத்தில் நடுக்கோடும் போட்ட ‘பழைய’ அட்டையைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

சரி, தாளைப் பழசாக்குவது எப்படி? உலகம் முழுக்க விடை ஒன்றுதான்: டீ. பால் சேர்க்காத திக்கான டிகாக்‌ஷனை அகலமான தட்டில் ஊற்றி, தாளை அதில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டால் தாள் தாத்தா காலத்துக்குப் போய்விடும். கறுப்புத் தேயிலையில் இருக்கும் பாலிஃபீனால் சேர்மங்கள் பருத்தித் துணியில் கறையாக ஒட்டுவதுபோலவே காகிதத்திலும் ஒட்டிக்கொள்கின்றன, இரண்டுமே செல்லுலோஸ்தான். டிகாக்‌ஷனில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளிறும், சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் அடர்த்தியாகும். ஒரே தேயிலையில் மூன்று வயது காட்டலாம்.

அடுத்தது ஓரம். பழைய கடிதத்தின் ஓரம் நடுவைவிடக் கறுத்திருக்கும். டீயில் நனைத்த தாளில் அது தானாகவே வரும். தேங்கிய துளி காயும்போது விளிம்பில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. போகும்போது கரைந்ததையும் மிதப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் இறக்குகிறது. மேசையில் சிந்திய காபி ஏன் வளையமாகக் காய்கிறது என்பதற்கு 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் சொன்ன விளக்கம் இது. கைவினைக்காரர்கள் ஆய்வுக் கட்டுரை படிக்காமலே ஈரத் தாளின் ஓரத்தில் இரண்டு கரண்டி டிகாக்‌ஷனைத் தேக்கி வைத்துவிடுகிறார்கள்.

முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது பிரிண்டரில். இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றின் வண்ண மை நீரில் கரையும் சாயம். அச்சடித்த பிறகு டீயில் போட்டால் பாரிஸ் வரைபடம் ஊதாக் குளமாகிவிடும். முதலில் சாயமேற்றி, காயவைத்து, தட்டையாக்கி, அப்புறம் அச்சடிக்க வேண்டும். லேசர் பிரிண்டரில் அந்தக் கவலை இல்லை. அதன் டோனர் பிளாஸ்டிக் தூள்; சூட்டில் உருகித் தாளோடு ஒட்டியிருப்பதால் அதன் மேல் டீ ஊற்றலாம்.

இன்னொரு தொல்லை அளவு. அமெரிக்காவில் தயாராகும் அச்சு மாதிரிகள் 216-க்கு 279 மில்லிமீட்டர் தாளுக்கானவை. நம்மிடம் இருப்பது 210-க்கு 297 உள்ள ஏ4. பக்கத்துக்குப் பொருத்து என்று கட்டளை கொடுத்தால் எல்லாம் சற்றுச் சுருங்கிவிடும். அச்செடுத்துச் செய்த உறைக்குள் அசல் அட்டை நுழையாதபோதுதான் இது தெரியவரும்.

டீ மட்டும் போதும் என்று நினைத்து ஏமாந்த கதைகளில் மிகப் பெரியது ஜெர்மனியில் நடந்தது. 1983 ஏப்ரலில் ‘ஸ்டெர்ன்’ வார இதழ், ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக உலகத்துக்கு அறிவித்தது. சுமார் 60 தொகுதிகள். அதற்காகக் கொட்டிய பணம் 90 லட்சம் மார்க்குக்கு மேல். எழுதியவர் கொன்ராட் கூயாவ் என்ற கைதேர்ந்த போலிக்காரர். எழுதிய பக்கங்களில் டீயை ஊற்றி, மேசையில் அடித்து, பழசாக்கியிருந்தார். கண்ணுக்குப் பழசாகத்தான் தெரிந்தது. மே 6-ஆம் தேதி மத்திய ஆவணக் காப்பகம் குட்டை உடைத்தது. அந்தத் தாளில் 1950-களுக்குப் பிறகே காகிதத் தயாரிப்பில் புழக்கத்துக்கு வந்த வெளுப்பான் கலந்திருந்தது. ஹிட்லர் செத்தது 1945-இல். கூயாவுக்கு நாலரை வருடச் சிறை.

அந்த வெளுப்பான், புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புவது. அதனால்தான் நம் ஜெராக்ஸ் தாள் பாலைவிட வெள்ளையாக மின்னுகிறது. கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் ஒரு ஜெராக்ஸ் தாளையும் ரூபாய் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தாள் நீலமாக ஜொலிக்கும், நோட்டு மங்கலாகவே இருக்கும். டீ நிறத்தை மாற்றும். வெளுப்பானை முழுதாக வெளியேற்றாது.

உண்மையான முதுமை வேறு சமாச்சாரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியக் காகிதம் கந்தல் துணியில் செய்யப்பட்டது. 1840-களில் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகு காகிதம் மலிந்தது. கூடவே மரத்தின் லிக்னின் தாளுக்குள் வந்தது. ஒளியும் ஆக்சிஜனும் பட்டால் மஞ்சளாவது அதுதான். மை ஊறாமல் இருக்கச் சேர்த்த படிகாரம் அமிலமாகி செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கியது. இதனால்தான் 1600-இல் அச்சான புத்தகம் வளைந்து கொடுக்கிறது, 1900-இல் அச்சான புத்தகம் புரட்டினாலே உதிர்கிறது. பழைய புத்தகத்தில் வரும் வெனிலா வாசனைகூட லிக்னின் சிதைந்து உண்டாகும் வெனிலின்தான். நாம் ரசிக்கும் பழுப்பு, தாளின் நோய் என்று சொன்னால் தப்பில்லை.

நம்ப முடியாதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் ஒரு துண்டை வெட்டி, மேலே ஐந்து ரூபாய் நாணயம் வைத்து, மொட்டைமாடி வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டு வைக்கலாம். நாணயம் இருந்த வட்டம் மட்டும் வெளுப்பாக நிற்கும். லிக்னினை நீக்கிச் செய்யும் ஜெராக்ஸ் தாளில் இதே சோதனை அவ்வளவாகப் பலிக்காது.

கறுப்பு வேண்டும் என்பவர்கள் இரும்பு ஆணியை வினிகரில் சில நாள் ஊறவைத்த நீரை டீத்தாளில் தடவுகிறார்கள். டீயிலுள்ள டானினும் இரும்பும் சேர்ந்து சாம்பல் கறுப்பாகும். நம் கலம்காரி ஓவியர்கள் துணியைக் கடுக்காய்ப் பாலில் ஊறவைத்து, வெல்லத்தோடு புளித்த இரும்புத் துண்டுகளின் நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வேதியியல்தான். இரும்பு காகிதத்தை அரிக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இரும்பு மையில் எழுதிய பழைய ஐரோப்பியக் கையெழுத்துப் படிகள் பலவற்றில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது.

ரயில் டிக்கெட் செய்ய ஆசைப்படுகிறவர்கள் வெளிநாட்டு மாதிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1830-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அதிகாரி உருவாக்கிய, சுமார் 57-க்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள அட்டை டிக்கெட்தான் நம் ஊர் ஸ்டேஷன்களிலும் கணினி வரும்வரை ‘டக்’ என்று தேதி குத்திக் கையில் தரப்பட்டது. யார் வீட்டிலாவது ஒன்று மிச்சமிருக்கும். அதை வெட்டி ஒட்டாதீர்கள். ஸ்கேன் செய்து, நகலை டீயில் போடுங்கள். டீத்தாளில் அமிலம் உண்டு என்பதால் அசலையும் நகலையும் ஒரே உறையில் வைக்க வேண்டாம். பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் போர்டிங் பாஸை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். தாள் சுருண்டிருக்கிறதே என்று அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் முழுக்கக் கறுத்துப்போகும்.