டயருக்கு நைட்ரஜன்: காசு கொடுத்து அடிக்கணுமா?

பெட்ரோல் பங்க்கில் ஒரு பக்கம் ஓசிக் காத்து, இன்னொரு பக்கம் டயருக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு நைட்ரஜன். சூடானா விரியாது, காத்து இறங்காது, மைலேஜ் கூடும், டயர் வெடிக்காது என்று நாலு காரணம் சொல்வாங்க. கணக்குப் போட்டே பார்த்துடலாம். பிளஸ் டூ இயற்பியல் போதும்.

ஓசிக் காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 21 சதவீதம் ஆக்ஸிஜன். பங்க் மெஷின் தருவது சுமார் 95 சதவீத நைட்ரஜன். ஆக, நாம காசு கொடுப்பது நடுவில் இருக்கும் 17 சதவீதத்துக்கு.

"சூடானா விரியாது" என்பது சுத்தமான கட்டுக்கதை. அடைச்சு வெச்ச எந்த வாயுவும் சூட்டுக்கு ஏத்தபடி ஒரே விகிதத்தில்தான் அழுத்தம் ஏறும். கேஜில் 32 பி.எஸ்.ஐ காட்டினால், வெளிக்காத்தின் 14.7-ஐயும் சேர்த்து உள்ளே உண்மையில் இருப்பது 46.7. டயர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் இது 10 சதவீதம் கூடும். கேஜ் 36.6 காட்டும். நைட்ரஜனா இருந்தாலும் அதேதான். கம்ப்ரசர் தண்ணியை வடிக்காத கடையில் அடிச்சு, டயருக்குள் தண்ணியே தேங்கியிருந்தால் மட்டும் நீராவியால் இன்னொரு 2 பி.எஸ்.ஐ ஏறலாம். அது ஈரத்தோட குத்தம், ஆக்ஸிஜன் மேல பழி போட வேண்டாம்.

மைலேஜ்? எடை குறைவதைக் கணக்குப் பண்ணினால் ஒரு டயருக்கு 4 கிராம் வரும். விட்டுடலாம்.

காத்து இறங்காது என்பதில் மட்டும் விஷயம் இருக்கு. ரப்பர் வழியா ஆக்ஸிஜன், நைட்ரஜனைவிட மூணு நாலு மடங்கு வேகமா கசியும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 மாடல் டயர்களில் இதைச் சோதிச்சது. ஒவ்வொண்ணிலும் ஒரு டயருக்குக் காத்து, ஒண்ணுக்கு நைட்ரஜன், எல்லாம் 30 பி.எஸ்.ஐ. ஒரு வருஷம் வெளியில் சும்மா போட்டு வெச்சாங்க. காத்து அடிச்சது சராசரியா 3.5 இறங்கியது, நைட்ரஜன் 2.2. வித்தியாசம் வருஷத்துக்கு 1.3 பி.எஸ்.ஐ.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி ஒண்ணு இருக்கு. வாயு எந்தப் பக்கம் கசியும் என்பதை முடிவு பண்ணுவது மொத்த அழுத்தம் இல்லை, அந்தந்த வாயுவின் பங்கு அழுத்தம். வெளிக்காத்தில் ஆக்ஸிஜனின் பங்கு 3.1 பி.எஸ்.ஐ. காத்து அடிச்ச டயருக்குள் அது 9.8, அதனால ஆக்ஸிஜன் வெளியே போகும். சுத்த நைட்ரஜன் அடிச்ச டயரில் அது பூஜ்யம், அதனால வெளியிலிருந்து ஆக்ஸிஜன் உள்ளே வரும்! அழுத்தம் குறையக் குறையக் காத்தடிச்சு 32-லேயே வெச்சிருந்தால், வருஷக்கணக்கில் ரெண்டு டயருமே சுமார் 88 சதவீத நைட்ரஜன் பக்கமாத்தான் நகரும். ஓசிக் காத்து டயர் தன்னைத்தானே வடிகட்டிக்குது.

அப்போ விமானத்தில் மட்டும் ஏன்? 1986 மார்ச் 31 அன்று மெக்ஸிகானா நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று விழுந்து 167 பேர் இறந்தாங்க. பிரேக் அதிகமா சூடாகி, சாதாரணக் காத்து அடிச்சிருந்த டயர் வெடிச்சதுதான் ஆரம்பம். அந்தச் சூட்டில் ரப்பரிலிருந்து வரும் ஆவியும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் டயருக்குள்ளேயே தீ பிடிக்கும். அடுத்த வருஷமே அமெரிக்க விமானத்துறை, பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்ஸிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு உத்தரவு போட்டது. பங்க்கில் டயரைக் காலி பண்ணி ஒரே தடவை நைட்ரஜன் அடிச்சால், உள்ளே தங்கிப்போன பழைய காத்தோட சேர்ந்து ஆக்ஸிஜன் சுமார் 10 சதவீதம் இருக்கும். விமான விதியில் அது தேறவே தேறாது. நம்ம கார் டயர் அந்தச் சூட்டுக்குப் போவதும் இல்லை.

ஹைவேயில் கார் டயர் வெடிக்க முக்கியமான காரணங்களில் ஒண்ணு காத்து குறைச்சல். காத்து குறைஞ்சா பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிரும், அந்த மடக்கல்தான் சூடு. "வெயில் காலம், ரெண்டு பாயின்ட் கம்மியா வைங்க" என்று கேட்டு வாங்குறவங்க சூட்டைக் கேட்டு வாங்குறாங்க. நைட்ரஜன் அடிச்சவங்களிடம் ரெண்டு புதுப் பழக்கம் பார்க்கிறேன். இறங்காது என்ற நம்பிக்கையில் மாசக்கணக்கா செக் பண்றதில்லை. இறங்கினது தெரிஞ்சாலும், சாதாரணக் காத்தைக் கலக்கக்கூடாதுன்னு அடுத்த நைட்ரஜன் பங்க் வரை 24-லேயே ஓட்டுறாங்க. தாராளமா கலக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆணி குத்தினாலோ வால்வு லீக் ஆனாலோ எந்த வாயுவும் நிற்காது.

டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் எண்ணை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும். ஓட்டி முடிச்சு 36 காட்டுதேன்னு பிடுங்கி விடக்கூடாது. நைட்ரஜன்தான் வேணும்னா ஸ்டெப்னிக்கு அடிங்க. அதைத்தான் நாம வருஷம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறதே இல்லை.