சூரியன் தள்ளுவதும் உண்டோ?

பல ஆண்டுகளுக்கு முன் ஈர்ப்பு விசையைப் பற்றி நான் பாடம் நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, எல்லாவற்றையும் இழுக்கும் சூரியன் எதையேனும் தள்ளுவதும் உண்டோ?” என்று வினவினான். “வீண் கேள்வி; உட்கார்” என்றேன். அவனுக்கு அன்று தரத் தவறிய விடையை இன்று உங்களுக்குத் தருகிறேன்.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெறும் பாழன்று; அங்கே மிக மெல்லிய வாயு பரவியிருக்கிறது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன். சூரியன் அதனூடே செல்வதால், அவ்வாயு விநாடிக்கு 20 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் நம்மை நோக்கி வீசுகிறது.

சூரியனை நெருங்கும் அணுவை ஈர்ப்பு இழுக்கிறது, ஒளியோ தள்ளுகிறது. ஒளிக்கு அழுத்தம் உண்டென்று 1873-இல் மாக்ஸ்வெல் கணித்தார். ரஷ்ய அறிஞர் லெபதேவ் 1901-இல் வெளியிட்ட சோதனையால் அதை மெய்ப்பித்தார். ‘லைமன் ஆல்பா’ என்னும் புறஊதாக் கதிரை ஹைட்ரஜன் அணு உறிஞ்சி, உடனே வெளிவிடும். வாங்குவது எப்போதும் சூரியன் பக்கத்திலிருந்து. வழங்குவதோ எல்லாத் திசைகளிலும். ஆகவே மிஞ்சுவது வெளிநோக்கிய தள்ளலே.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஒளித்துகளும் அணுவின் வேகத்தை விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் மாற்றுகிறது. பூமியின் தொலைவில் அணுவின்மீது ஏறத்தாழ 9 நிமிடங்களுக்கு ஒருமுறை அத்தகைய துகள் விழுகிறது. அந்த 9 நிமிடங்களில் சூரியனின் ஈர்ப்பு உண்டாக்கும் மாற்றமும் ஏறக்குறைய அவ்வளவே! இரண்டு விசைகளும் தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைவதால், தொலைவு மாறினும் தராசு பெரிதும் சாய்வதில்லை.

அதைச் சாய்ப்பது காலம். சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை மிகுந்து குறைவதை அறிவீர்கள். அவை குறைந்த காலத்தில் இரு விசைகளும் கிட்டத்தட்டச் சமம். அணு ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்லும். அவை மிகுந்த காலத்தில் தள்ளலே வெல்லும்; அணுக்கள் விலகி வளைந்தோடும். சூரியக் காற்றும் பல அணுக்களின் எலெக்ட்ரானைப் பறித்துவிடும். இவ்வாறு சூரியனைச் சுற்றி ஹைட்ரஜன் அருகிய ஒரு குகை உண்டாகிறது.

உடன்வரும் ஹீலியத்தின் நிலை வேறு. அது உறிஞ்சும் கதிர் சூரிய ஒளியில் மிகக் குறைவு. எனவே ஈர்ப்பே வென்று, ஹீலியத்தைச் சூரியனுக்குப் பின்புறம் கூம்பாகக் குவிக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர்த் தொடக்கத்தில் பூமி அக்கூம்பைக் கடக்கிறது.

ஹைட்ரஜன் வெளிவிடும் ஒளி வானெங்கும் மங்கலாகப் படர்ந்துள்ளது. நம் கண்ணுக்குப் புலப்படாது. ஓ.ஜி.ஓ.-5 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் அளவைகளால் 1971-இல் அதன் மூலம் விளங்கிற்று.

அம்மாணவன் கேட்டது வீண் கேள்வியன்று. உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். விடை தெரியாதபோது மாணவனை உட்காரச் சொல்லாதீர்கள்.