முதல் நாள் கண்ணில் பட்டது

மறைபரப்பு ஞாயிறு நெருங்கி வருகிறது. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1926ஆம் ஆண்டு ஏற்படுத்திய இந்த நாளில் நாம் செபிக்கிறோம், காணிக்கை கொடுக்கிறோம். இப்போது இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, இரண்டு வாரம், ஒரு மாதம் என ஏழை நாடுகளுக்குப் பணிப்பயணம் போய் வருகிறார்கள். நம் பிள்ளைகளில் சிலருக்கும் அந்த ஆசை உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் போய் வந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. “எவ்வளவு கொடிய வறுமை!” என்பது ஒன்று. “ஆனாலும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!” என்பது மற்றொன்று.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா நிற்கிறோம்? சர்க்கரை இல்லையென்றால் பின்வாசல் வழியாகப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, வாங்கி வந்து காப்பி கொடுக்கிறோம். வந்தவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, “அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை” என்று ஊர் முழுக்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தச் சிரிப்பு பொய்யில்லை, அது விருந்தோம்பல். அதை வறுமையின் மருந்து என்று நினைப்பதுதான் தவறு. அப்படி நினைத்துவிட்டால், நாம் செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை என்று மனம் சமாதானமாகிவிடுகிறது.

முதல் வாக்கியத்துக்கு வருவோம். வறுமையைக் கண்டு நெஞ்சு பதறுவது இயல்பு. பதறிய பிறகு என்ன செய்வது? இதற்கு மடகாஸ்கர் தீவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம்.

அருள்பணி பெத்ரோ ஒபேக்கா 1948ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் பிறந்தவர். பெற்றோர் ஸ்லோவேனியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அப்பா கொத்தனார், மகனுக்கும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்த மகன், குருவாகும் முன்பே, 1970இல், 22 வயதில் மடகாஸ்கருக்குப் போனார். அங்கே அவர் முதலில் செய்தது கொத்து வேலை. 1975இல் குருவான பிறகு, தீவின் தென்கிழக்கே உள்ள வாங்கைன்ட்ரானோ என்ற ஊரில் பல ஆண்டுகள் பங்குப்பணி செய்தார். மலேரியா அவரை விட்டுவைக்கவில்லை.

1989இல் அவரைத் தலைநகர் அன்டனனரிவோவுக்கு மாற்றினார்கள். நகரத்தின் குப்பை முழுவதும் கொட்டப்படும் ஒரு மேடு அங்கே உண்டு. குழந்தைகள் அந்தக் குப்பையைக் கிளறி, விலங்குகளோடு போட்டி போட்டுக்கொண்டு உணவு தேடுவதை அவர் கண்டார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மக்களுக்கு ஏதாவது செய்ய உதவும் என்று கடவுளிடம் மன்றாடினார். பிறகு அங்கே வாழ்ந்தவர்களின் குடிசையில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்: பிள்ளைகளுக்காக உழைக்க நீங்கள் தயாரா? அவர்கள் தயாராக இருந்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குப்பைமேட்டை அவர் அன்றுதான் பார்த்தார். மக்களை அன்றுதான் பார்க்கவில்லை. தீவுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. மலகாசி மொழி அவர் நாவில் இருந்தது. அதனால்தான் அவரால் கேள்வி கேட்க முடிந்தது. மொழி தெரியாமல் இரண்டு வாரத்துக்கு வந்தவர் அதே இடத்தில் என்ன செய்திருப்பார்? அழுதிருப்பார், பணம் கொடுத்திருப்பார், படம் எடுத்திருப்பார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை: நம் பிள்ளை கிழிந்த சட்டையோடு அழுதுகொண்டு நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து படம் பிடித்தால் நாம் சும்மா இருப்போமா?

அன்று தொடங்கிய சமூகத்தின் பெயர் அக்கமசோவா. மலகாசியில் ‘நல்ல நண்பர்கள்’ என்று பொருள். வேலை, பள்ளி, ஒழுக்கம் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். முதியோர், நோயாளிகள், குழந்தைகள் தவிர மற்றவர்களுக்கு இலவசமாக எதுவும் கொடுப்பதில்லை என்பதில் அருள்பணி ஒபேக்கா கண்டிப்பானவர். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் குப்பைமேட்டில் இருந்தவர்களே கல்குவாரியில் கல் உடைத்து, செங்கல் அடுக்கித் தங்கள் வீடுகளைக் கட்டினார்கள். 2019 செப்டம்பர் 8 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே சென்றார். வறுமை தலைவிதி அல்ல என்ற பொருளில் பேசிவிட்டு, அருகிலுள்ள மஹடசானா கல்குவாரிக்குப் போய்த் தொழிலாளர்களுக்காகச் செபித்தார்.

அப்படியானால் குறுகிய பயணமே வேண்டாமா? 1968இல், மெக்சிகோவில் கோடை விடுமுறைச் சேவை செய்ய முன்வந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் “பார்க்க, படிக்க” என்ற பாதியை விடாமல் பிடித்துக்கொள்ளலாம்.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை அனுப்பும்போது பணப்பையைக் கொண்டுபோக விடவில்லை. ஒரே வீட்டில் தங்கச் சொன்னார். கொடுப்பதைச் சாப்பிடச் சொன்னார். அதாவது, அனுப்பப்பட்டவர் கொடுப்பவராக அல்ல, விருந்தாளியாகவே அந்த ஊருக்குள் நுழைகிறார். மடகாஸ்கரில் சோறு பொங்கிய பானையின் அடியில் ஒட்டிய தீய்ந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். வெளியிலிருந்து போகிறவருக்கு அது வறுமையின் அடையாளமாகத் தெரியலாம். நீராகாரம் குடித்து வளர்ந்த நமக்கு அது புரியும். அந்த வீட்டில் அது தினசரி வழக்கம், தாகத்துக்கு நல்லது, அவ்வளவுதான். ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்பவர் ஏதோ ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்.

ஆப்பிரிக்காவிலும் பிற நாடுகளிலும் பணிபுரியும் நம் குருக்களும் அருட்சகோதரிகளும் விடுமுறைக்கு ஊர் வரும்போது பங்குகளுக்கும் வருகிறார்கள். “அங்கே ரொம்பக் கஷ்டமா, சிஸ்டர்?” என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். அந்த ஊர் மொழியை அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், காய்ச்சலில் கிடந்தபோது யார் கஞ்சி கொண்டுவந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பயணம் போக விரும்பும் பிள்ளைகளையும் அப்போது பக்கத்தில் உட்கார வையுங்கள்.