ஒரே பாட்டு, நூறு தடவை

ஒரே பாட்டை நூறு தடவை கேட்டாலும் ஏன் சலிக்க மாட்டேங்குது?

2011-ல கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தாங்க. பாட்டில் நமக்குப் பிடிச்ச இடம் வர்றதுக்கு முன்னாடி, அதுக்காகக் காத்திருக்கும்போதே டோபமைன் சுரக்குது. அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சாதானே காத்திருக்க முடியும்? பழகின பாட்டுக்குள்ள பலம் அதுதான்.

எங்க திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை 11 பாசுரத்தில் பாடின நம்மாழ்வாரும், இதைக் கேட்டு வானவர்களுக்கே தெவிட்டாதுன்னுதான் முடிக்கிறார்.

அப்பா இறந்த பிறகு, அவர் சவரம் செய்யும்போது முணுமுணுத்த பாட்டைத்தான் தினமும் பஸ்ஸில் கேட்கிறேன். சரணத்தில் ஒரு இடத்தில் அவருக்குச் சுருதி விலகும். பாடகர் சரியாத்தான் பாடுறார். எனக்குக் கேக்குறது என்னமோ அப்பா குரல்தான்.

உங்களுக்கு எந்தப் பாட்டு?