தங்கவயலில் டியூஷன்

கணக்கும் அறிவியலும் சொல்லித்தரும் டியூஷன் ஆசிரியரின் முதல் வேலை, பிள்ளை எந்த வகுப்பில் நழுவியது என்று கண்டுபிடிப்பது. இருபடிச் சமன்பாடு வரவில்லை என்று வந்து உட்காரும் பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பெரும்பாலும் இருபடிச் சமன்பாட்டில் கோளாறு இருக்காது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் கைவிட்டுப் போயிருக்கும், அல்லது ஏழாம் வகுப்பில் கழித்தல் குறி. பள்ளியில் பாடம் முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. ஒருவனுக்காகப் பின்னே திரும்பிப் பார்க்க அங்கே நேரம் கிடைப்பது அரிது. டியூஷனுக்குத் தேவை பிறப்பது அங்கேதான்.

கோலார் தங்கவயலின் கடைவீதி நகரமான ராபர்ட்சன்பேட்டையில் இந்த வேலைக்குத் தனிக் கனம் உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு, வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணுக்குள் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும், அப்பாவின் வேலை பிள்ளைக்கு வரும் என்ற வழி அடைபட்டுப்போனது. இன்று ஆயிரக்கணக்கானவர்கள் காலை ரயில் பிடித்து, பங்காரப்பேட்டை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அந்த வீடுகளில் மாலை ஆறு மணிக்குப் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. சொத்து என்று விட்டுப்போக வேறொன்றும் இல்லாத குடும்பங்கள் படிப்பை நம்புகின்றன. அந்த நம்பிக்கையைச் சுமக்கிறவர்களில் டியூஷன் மாஸ்டரும் ஒருவர்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பி.எஸ்ஸி., பி.இ. முடித்து வேலை தேடுகிறவர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டே சம்பாதிக்கிறவர்கள், வீட்டுப் பொறுப்போடு மாலையில் மட்டும் நேரம் உள்ள பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பள்ளியில் பணியிலிருக்கும் ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில் தடுக்கிறது. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்கின்றன. ஆனால் அவை 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களைப் பற்றியவை. முன்னறையில் பாய் விரித்துப் பத்துப் பேருக்குச் சொல்லித்தரும் வீட்டு டியூஷன் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

நழுவிய இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு சின்னக் கணக்கு போதும். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் உண்டு. அனுபவமில்லாத ஆசிரியர் உடனே "தப்பு, பகுதியைச் சமமாக்கு" என்று சொல்லி விடையைத் தானே போட்டுவிடுவார். பிள்ளையும் பார்த்து எழுதிக்கொள்ளும். அடுத்த வாரம் அதே 2/5 திரும்ப வரும். நல்ல ஆசிரியர் கேள்வி கேட்பார்: 2/5 அரையைவிடப் பெரிதா, சின்னதா? சின்னது என்று பிள்ளையே கண்டுகொள்ளும். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று அடுத்த கேள்வி. அந்த நிமிடத்தில் பிள்ளை பேனாவைக் கீழே வைத்து யோசிக்கிறது. அதற்குப் பிறகு ஆறில் மூன்றும் ஆறில் இரண்டும் சேர்ந்து ஆறில் ஐந்து ஆவதை விளக்கினால் அது மனதில் நிற்கும். இந்தப் பத்து நிமிடம் அடுத்த பல மாதங்களுக்கு உதவும். விடையைச் சொல்லிவிடும் ஆசையை அடக்குவதுதான் இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமான பாடம்.

நழுவிய இடத்திலிருந்து தொடங்கும் இந்த முறைக்கு ஆராய்ச்சியின் துணையும் இருக்கிறது. டெல்லியில் மாலை நேரக் கற்றல் மையங்களை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததைக் காட்டியது. வகுப்புக்கு உரிய பாடத்தை விட்டு, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியபோது சில மாதங்களிலேயே தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அதற்கு முன்பே, 1984-இல், ஒருவருக்கு ஒருவர் சொல்லித்தருவது வகுப்பறைப் பாடத்தைவிட மிகப் பெரிய பலன் தரும் என்று அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் எழுதினார். அவர் சொன்ன அளவுக்கு இல்லை என்று பிந்தைய ஆய்வுகள் திருத்தின. பலன் உண்டு என்பதை அவையும் மறுக்கவில்லை.

பாடத்தில் மேதையாக இருப்பது மட்டும் போதாது. சீனிவாச ராமானுஜன் வேலையில்லாத நாட்களில் கும்பகோணத்திலும் சென்னையிலும் டியூஷன் எடுத்துப் பார்த்தவர். பாடத்திட்டத்தை விட்டுத் தன் கணிதத்துக்குள் போய்விடுவார். பரீட்சைக்குப் படிக்க வந்த மாணவர்களுக்கு அது ஒத்துவரவில்லை.

அறிவியலில் தங்கவயல் ஆசிரியருக்கு வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தில் பாதி, ஊரிலேயே கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தானாக விழும் பொருளின் கணக்கு வருகிறது. 490 மீட்டர் ஆழமுள்ள ஷாஃப்டில் ஒரு கல்லைப் போட்டால், காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அது அடிக்குச் சரியாகப் பத்து விநாடியில் போய்ச் சேரும். சத்தம் மேலே வர இன்னும் ஒன்றரை விநாடி போல ஆகும். சாம்பியன் ரீஃப் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்று சொன்னால், பூமியின் உள்வெப்பம் பற்றிய பாடம் தாத்தாவின் வேலையைப் பற்றிய பாடமாகிவிடும். (கைவிடப்பட்ட ஷாஃப்ட் பக்கம் போகக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.)

பத்தாம் வகுப்பு மின்சாரப் பாடத்துக்கும் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்கு வந்தது. அவ்வளவு தூரம் ஏன் உயர் மின்னழுத்தத்தில் கொண்டுவந்தார்கள்? அதே திறனுக்கு அழுத்தத்தைப் பத்து மடங்கு கூட்டினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இழப்பு நூறில் ஒன்றாகக் குறையும். சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் விடைத்தாளில் தெரியும்.

ஊரைச் சுற்றி மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் சயனைடு மண் வேதியியல் பாடம். அரைத்த தாதுவிலிருந்து தங்கத்தைச் சயனைடு கரைத்தெடுக்கிறது. அந்தக் கரைசலில் துத்தநாகத்தூளைப் போட்டால், வினைபடுதிறன் கூடிய துத்தநாகம் கரைந்து தங்கத்தை வெளியே தள்ளுகிறது. பத்தாம் வகுப்பின் இடப்பெயர்ச்சி வினைதான் இது. சுவாச மண்டலப் பாடத்துக்கு வரும்போது குரல் தாழ வேண்டியிருக்கும். பாறைத்தூள் நுரையீரலின் காற்றறைகளைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோய் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் நேரில் கண்டது. அதை மறைக்காமல், மரியாதையோடு சொல்லித்தருவது ஆசிரியரின் கடமை.

பரீட்சைக்கு வராத ஒன்றையும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1965-இல், தங்கவயல் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வைத்த கருவிகளில் வளிமண்டல நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்களின் தடம் பதிவானது. உலகிலேயே முதலில் அதைக் கண்டவற்றில் ஒன்று இந்தச் சோதனை. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். தன் காலுக்குக் கீழே உலக இயற்பியல் நடந்தது என்று தெரிந்த பிள்ளை, அறிவியல் யாரோ எங்கோ செய்வது என்று நினைக்காது.

புரியவைப்பது ஒன்று, எழுதவைப்பது இன்னொன்று. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கில வழியோ கன்னட வழியோ. அதனால் விளக்கம் தமிழில் நடந்தாலும் விடை பள்ளி மொழியில்தான் வர வேண்டும். கர்நாடக எஸ்எஸ்எல்சி-யில் கணக்குக்கும் அறிவியலுக்கும் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், உள்மதிப்பீடு 20. கணக்கில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், விடை தப்பினாலும் வழியைக் காட்டியவனுக்கு ஒரு பகுதி கிடைக்கும். படத்தைப் பென்சிலில் வரைந்து பெயர் குறிப்பது, அலகை விடாமல் எழுதுவது போன்ற சின்னப் பழக்கங்களைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதில் ஆசிரியரின் மாலை கழிகிறது.

வருமானம் சீராக இருப்பதில்லை. ஜூனில் கொஞ்சம் பேர், அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் கூட்டம், தேர்வு முடிந்ததும் வெறிச்சென்று ஆகிவிடும். கோடையில் பணம் வராது. ரயில் பயணத்தில் பிழைக்கும் வீட்டாரிடம் பாக்கியைக் கறாராகக் கேட்கவும் பல ஆசிரியர்களுக்கு மனம் வராது. 2025-ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளில் 27 சதவீதம் பேர் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள் என்கிறது, நகரங்களில் 30.7 சதவீதம். இவ்வளவு பேரைத் தாங்கும் தொழிலுக்கு ஆசிரியருக்கான தகுதிப் பயிற்சியோ பாதுகாப்போ இல்லாதது பெரிய குறை.

தேர்வு முடிவு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. தேறியவர்களுக்கு அடுத்த படியான பியூசி-யில் எந்தப் பாடத் தொகுப்பை எடுப்பது என்று சொல்ல வேண்டும். கணக்குக்குப் பயந்தவனை இயற்பியல் இருக்கும் தொகுப்புக்குத் தள்ளினால் இரண்டு ஆண்டு வீணாகும். தவறியவர்களுக்குக் கர்நாடகத்தில் அதே ஆண்டில் இரண்டாவது தேர்வு உண்டு. தேறியவர்களும் மதிப்பெண்ணைக் கூட்ட எழுதலாம். கூடுதலான மதிப்பெண்ணே நிற்கும். அந்தத் தேர்வுக்கு முன் கிடைப்பது சில வாரங்கள்தான். முழுப் பாடத்தையும் திருப்ப முடியாது. எனவே ஆசிரியர் பழைய கேள்வித்தாள்களோடு உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்கு நிச்சயமாகக் கைவரக்கூடிய நான்கைந்து பாடங்களைத் தேர்ந்து, மீண்டும் பின்னத்திலிருந்து தொடங்குகிறார்.