இலையுதிர் காலத்தின் நிறங்கள்: நோயாளியின் வலிமைக்கேற்ற பயணம்

செப்டம்பர் பிறந்ததும் ஒன்ராறியோவில் பல குடும்பங்கள் இலைகளின் நிறமாற்றத்தைக் காண்பதற்கு நாள் குறிக்கத் தொடங்குகின்றன. வீட்டில் நோயுற்ற ஒருவர் இருப்பின், இந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றைச் சென்றடைகிறது. “முதலில் முழுமையாகக் குணமாகட்டும், அடுத்த ஆண்டு போகலாம்” என்று பயணத்தைக் கைவிடுவது ஒன்று. உறவினர் அனைவரும் குறித்த அதே நாளில், அதே குன்றின் மேல் நோயாளியையும் ஏறச் செய்வது மற்றொன்று. நீண்டகால நோயுடன் வாழ்பவருக்கு முதலாவது முடிவு பல ஆண்டுகளின் இழப்பாக நீளக்கூடும். இரண்டாவது, ஒரு நாள் மகிழ்ச்சிக்காகப் பல நாள் களைப்பைத் தரக்கூடும்.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. இலைகள் எல்லா இடங்களிலும் ஒரே நாளில் நிறம் மாறுவதில்லை. ஏறத்தாழ ஐந்து வாரங்களில், வடக்கிலிருந்து தெற்காக, ஒரு மரவகைக்குப் பின் மற்றொன்றாக அந்த மாற்றம் நிகழ்கிறது. ஆகவே நோயாளியின் வலிமைக்கு ஏற்ற வாரத்தையும் இடத்தையும் நாம் தெரிவு செய்துகொள்ள முடியும்.

இலை ஏன் நிறம் மாறுகிறது?

கோடையில் இலைக்குப் பசுமையைத் தருவது பச்சையம். சூரிய ஒளியைக் கொண்டு மரத்துக்கு வேண்டிய சர்க்கரையை ஆக்குவதற்கு இதுவே உதவுகிறது. பகற்பொழுது குறுகி இரவுகள் குளிரத் தொடங்கும்போது மரம் புதிய பச்சையத்தை ஆக்குவதை நிறுத்துகிறது. இருந்த பச்சையமும் சிதைகிறது. இலையில் முன்பே இருந்தும் பச்சையால் மறைக்கப்பட்டிருந்த கரோட்டினாய்டு எனும் மஞ்சள் நிறமிகள் அப்போது வெளித்தெரிகின்றன. பேர்ச், பொப்லர் மரங்களின் மஞ்சள் இவ்வாறு தோன்றுவதே.

மேப்பிள் மரத்தின் செந்நிறம் வேறுவகையானது. அந்தோசயனின் எனும் அந்த நிறமி இலையுதிர் காலத்திலேயே புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும், உறைநிலைக்குச் செல்லாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வாய்த்தால் சிவப்பு ஆழமாகும். ஓர் ஆண்டின் சிவப்பு மற்றோர் ஆண்டின் சிவப்பைப் போல் இராமைக்கு இதுவே காரணம்.

இலைகள் உதிர்வதைக் காண்பது நோயுற்ற சிலருக்கு மனத்துயரைத் தருகிறது. அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இலையை விடுவதற்கு முன் மரம் அதிலுள்ள நைதரசன் போன்ற சத்துகளிற் பெரும்பகுதியைத் தன்னுள் மீட்டுச் சேமித்துக்கொள்கிறது. அடுத்த வசந்தத்தில் விரியவேண்டிய மொட்டு, இந்த ஆண்டின் இலை விழுவதற்கு முன்னரே கிளையில் உருவாகிவிடுகிறது. மேப்பிள் கிளையொன்றின் நுனியை அருகிற் சென்று பாருங்கள். அந்தச் சிறிய மொட்டு கண்ணுக்குத் தெரியும்.

எந்த வாரம், எந்த மரம்?

ரொறன்ரோவிலிருந்து வாகனத்தில் ஏறத்தாழ மூன்று மணிநேரத் தொலைவிலுள்ள அல்கொங்குவின் மாகாணப் பூங்கா 1893ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அது உயர்ந்த நிலப்பகுதியாதலால் குளிர் அங்கு முன்னதாகவே வந்துவிடுகிறது. அங்குள்ள சர்க்கரை மேப்பிள் மரங்கள் வழக்கமாகச் செப்டம்பர் மாதத்தின் கடைசி வாரத்திலும் அக்டோபர் முதல் வாரத்திலும் செம்மை பூணும். அதையடுத்துப் பொப்லர், பேர்ச் மரங்கள் மஞ்சளாகும். அக்டோபர் நடுப்பகுதிக்குப் பின் டமராக் எனும் ஊசியிலை மரம் பொன்னிறமாகிறது. ஊசியிலை மரங்களுள் இது விதிவிலக்கானது. குளிர்காலத்தில் தன் இலைகள் அனைத்தையும் உதிர்த்துவிடும்.

ரொறன்ரோவிலோ மேப்பிள் மரங்களின் நிறம் அக்டோபர் நடுப்பகுதியிலும் அதன் பின்னருமே நிறைவு பெறுகிறது. ஓக் மரங்கள் செம்பழுப்பு நிறத்துடன் நவம்பர் தொடக்கம் வரை நிற்கும். ஆகவே சிகிச்சை நாளொன்று செப்டம்பர் இறுதியில் அமைந்துவிட்டால் அந்த ஆண்டின் இலையுதிர் காலம் கைநழுவிப் போனதாக எண்ண வேண்டியதில்லை. சில வாரங்களில் அதே நிறம் வீட்டருகே வந்து சேரும்.

வாகனத்திலிருந்தே காண்பது

அல்கொங்குவின் பூங்காவின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்வது 60ஆம் நெடுஞ்சாலை. மேற்கு வாயிலிலிருந்து கிழக்கு வாயில் வரை அதன் நீளம் 56 கிலோமீற்றர். மேப்பிள் காடுகளும் ஏரிகளும் இந்தச் சாலையிலிருந்தே தெரிவதால், நடக்க இயலாதவர் வாகனத்தை விட்டிறங்காமலே பெரும்பகுதியைக் கண்டுவிடலாம். மேற்கு வாயிலிலிருந்து 43ஆவது கிலோமீற்றரில் பார்வையாளர் மையம் உள்ளது. சக்கர நாற்காலியில் செல்பவரும் அங்கு உள்ளே செல்லலாம்; கழிப்பறை வசதியும் உண்டு. அதன் பின்புறத் தளத்தில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரியும்.

பூங்காவில் நின்று பார்ப்பதற்கு நாள் அனுமதிச்சீட்டு வேண்டும். நிறம் உச்சமடையும் வார இறுதிகளில் கூட்டம் மிகுதியாதலால் அதை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். இயன்றால் வாரநாளொன்றைத் தெரிவு செய்யுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குக் கூட்டமற்ற நாளே ஏற்றது. புகைப்படம் எடுப்பதற்காக நெடுஞ்சாலையின் ஓரத்தில் வாகனத்தை நிறுத்தாதீர்கள். வாகனத் தரிப்பிடங்களில் மட்டும் நிறுத்துங்கள். அந்திப்பொழுதில் மூஸ் மான்கள் சாலையைக் கடக்கும். அக்டோபர் தொடக்கத்திலேயே ஏழு மணிக்கு முன் சூரியன் மறைந்துவிடுமாதலால், வெளிச்சம் இருக்கும்போதே திரும்புவது நன்று.

நடைபாதையைத் தெரிவு செய்தல்

நீளம் குறைந்த பாதைகள் எல்லாம் எளிய பாதைகள் அல்ல. அல்கொங்குவினின் ‘லுக்அவுட்’ பாதை ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமே கொண்டது. ஆயினும் அது செங்குத்தாக ஏறி ஒரு பாறை விளிம்பைச் சென்றடைகிறது. இதயம், நுரையீரல், மூட்டு ஆகியவற்றில் நோயுள்ளவருக்கு அது தகுந்ததன்று. மாறாக, ‘ஸ்புரூஸ் பொக்’ பாதை 1.5 கிலோமீற்றர் நீளமுடையது, சதுப்பு நிலத்தின் மேல் மரப்பலகைகள் இட்டு அமைக்கப்பட்ட பகுதிகள் அதில் உள்ளன, பெரிதும் சமமானது. டமராக் மரங்கள் பொன்னாக நிற்பதும் சதுப்பு நிலங்களிலேயே. மேப்பிள் இலைகள் உதிர்ந்து கூட்டம் கலைந்த பின், அக்டோபரின் பிற்பாதியில் இப்பாதை அமைதியாக இருக்கும். மெதுவாக நடப்பவருக்கு அதுவே உரிய காலம்.

ஸ்காபரோவில் வாழ்பவர்களுக்கு மேலும் அருகில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. 2015இல் நிறுவப்பட்ட இது, கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா. ஸ்காபரோ, மார்க்கம், பிக்கறிங் ஆகிய, தமிழர் பெருமளவில் வாழும் பகுதிகளைத் தொட்டு அமைந்துள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லை. பத்து நிமிடங்கள் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினும் நட்டம் ஒன்றுமில்லை என்பதால், வலிமை நாளுக்கு நாள் மாறும் நோயாளிக்கு இது மிகவும் பொருத்தமானது.

எங்கு நடந்தாலும் இரு விதிகளைக் கடைப்பிடியுங்கள். முதலாவது, நடந்தபடியே முழு வாக்கியங்களாகப் பேச முடியவேண்டும். பேச்சு இடையில் அறுபட்டால் வேகம் மிகை. இரண்டாவது, வலிமையின் மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்பிவிட வேண்டும். திரும்பும் வழியும் நடக்க வேண்டிய வழியே. ஈரமான இலைகள் வழுக்கும்; வேர்களையும் கற்களையும் மறைக்கும். பிடிமானமுள்ள காலணியும் ஊன்றுகோலும் இன்றியமையாதவை.

புறப்படுமுன் கேட்க வேண்டியவை

அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்களும் நீண்டநேரம் அசையாது அமர்ந்திருந்தால், காலின் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. ஒன்று அல்லது இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். அமர்ந்திருக்கும்போது கணுக்கால்களை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால் அன்றே மருத்துவரை நாடுங்கள். திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி ஏற்படின் உடனே 911ஐ அழையுங்கள். அல்கொங்குவின் சாலையில் கைபேசித் தொடர்பு எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. பூங்காவின் மேற்கேயுள்ள ஹண்ட்ஸ்வில் நகரில் மருத்துவமனை உண்டு. அதன் வழியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும் என்பதற்காக, நீர் வெளியேற்றும் மாத்திரையைச் சிலர் தாமாகவே தவிர்க்கின்றனர்; நீர் அருந்துவதையும் குறைக்கின்றனர். இரண்டும் தீங்கானவை. மாத்திரை எடுக்கும் நேரத்தை அன்று மாற்றலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். இன்சுலினை வாகனத்தில் விட்டுச் செல்லாதீர்கள். வெயிலின் வெப்பமும் உறைகுளிரும் அதைக் கெடுக்கும். ஒக்சிசன் பயன்படுத்துவோர், போய்வரும் நேரத்துக்கு மேலாகவும் சில மணிநேரத்துக்குப் போதுமான அளவு எடுத்துச் செல்ல வேண்டும். உருளை அசையாதபடி கட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

ஒக்சாலிபிளாட்டின் எனும் புற்றுநோய் மருந்தைப் பெறுபவர்களுக்குக் குளிர்ந்த காற்றுப் பட்டால் விரல்களிலும் தொண்டையிலும் கூச்சமும் வலியும் உண்டாகலாம். மருந்து பெற்ற அடுத்த சில நாள்களைத் தவிர்த்துப் பயணத்தை அமையுங்கள். கையுறையும் கழுத்துத்துணியும் அணியுங்கள். ஈர இலைக் குவியல்களில் பூஞ்சணம் வளர்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களும் வெள்ளணுக்கள் குறைந்தவர்களும் அவற்றைக் கிளறலாகாது.

உண்ணிகள் கோடையோடு மறைந்துவிடுவதில்லை. வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் நாள்களில் அவை இயங்கும்; லைம் நோயைப் பரப்பக்கூடும். நீண்ட காற்சட்டை அணிந்து, பாதையின் நடுவே நடந்து, வீடு திரும்பியதும் உடலைச் சோதித்துப் பாருங்கள். கடித்த உண்ணியை 24 மணிநேரத்துக்குள் அகற்றினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பெரிதும் குறையும்.

பராமரிப்பவரின் பங்கு

வாகனத்தை ஓட்டுபவருக்குச் சாலைதான் தெரியும், இலைகள் தெரிவதில்லை. பெரும்பாலான குடும்பங்களில் அவரே மருந்துகளையும் உணவையும் அடுக்கியவர். திரும்பியபின் நோயாளியைப் படுக்கையில் சேர்ப்பவரும் அவரே. இயன்றால் ஓட்டுவதற்கு வேறொருவரை அழைத்துச் செல்லுங்கள். இயலாவிடில், நோயாளி வாகனத்தில் ஓய்வெடுக்கும் வேளையில் ஒருவர் துணையிருக்க, பராமரிப்பவர் கால்மணிநேரம் தனியாக நடந்துவர இடம் கொடுங்கள். மயக்கம் தரும் வலிநிவாரணி எடுப்பவர் எக்காரணம் கொண்டும் வாகனம் ஓட்டலாகாது.

வெளியே செல்ல இயலாதவர்களுக்கு

படுக்கையில் இருப்பவருக்கு இலையொன்றைக் கொண்டுவந்து கொடுக்க விரும்புவோர், முதலில் விடுதியின் தாதியரிடம் கேட்க வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்தோர் தங்கும் விடுதிகளில் இலை, மலர், மண் எதற்கும் இடமில்லை. அங்கு ஒளிப்படமே தகுந்தது. ஒரே மரத்தை ஐந்து வாரங்களும் வாரம் ஒருமுறை படமெடுத்துக் காட்டுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு, வெறுங்கிளை, அதன் நுனியில் மொட்டு என ஒரு பருவம் முழுவதையும் அவர் படுக்கையிலிருந்தே காண்பார்.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு வரும்போது நீங்கள் செல்ல நினைக்கும் இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். “போகலாமா?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “அக்டோபர் மூன்றாம் வாரத்தில், சமதரையில் அரைமணிநேரம் நடக்கலாமா?” என்று கேட்டால் மருத்துவரால் தெளிவாக விடை கூற இயலும்.