ஈட்டப் போகும் நாடா? வாழப் போகும் நாடா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் வேறொன்று என்பது தமிழனுக்குப் புதியதன்று. மழை பொய்த்தபோதும் நிலம் சுருங்கியபோதும் அவன் கடல் கடந்திருக்கிறான். இன்று பட்டம் பெறும் நிலையிலுள்ள நம்மில் பலர், “எந்த நாட்டிற்குப் போகலாம்?” என்று கேட்கிறோம். நம் விடுதியில் இரவு உணவுக்குப் பின் இவ்வினா எழாத நாளில்லை. “சம்பளம் எங்கே அதிகமோ அங்கே” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இவ்விடை போதுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊதியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வேறு நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. வேலை போனால் அந்நாட்டில் தங்கலாமா? முதலாளியை மாற்றிக்கொள்ளலாமா? குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமா? பின்னாளில் அந்நாட்டுக் குடிமகனாகலாமா? இவற்றைக் கொண்டு சில நாடுகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

வளைகுடா நாடுகள்

சவூதி அரேபியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் ஊதியத்திற்கு வருமான வரி இல்லை. கைத்தொழில் தெரிந்தால் பட்டமின்றியும் போகலாம். ஆனால், தங்கும் உரிமை வேலையோடு பிணைக்கப்பட்டது. முதலாளியின் பொறுப்பில் தொழிலாளியை வைக்கும் ‘கஃபாலா’ முறையைக் கத்தார் 2020-ஆம் ஆண்டிலும், சவூதி 2021-ஆம் ஆண்டிலும் தளர்த்தி, வேலை மாற ஓரளவு வழி செய்தன. ஆயினும் சாதாரணத் தொழிலாளிக்குக் குடியுரிமை எட்டாக்கனியே.

என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடாவில் பிளம்பராக உழைத்தவர். எங்கள் வீடு, அக்காளின் திருமணம், என் படிப்பு யாவும் அவ்வுழைப்பின் பயன்களே. ஒப்பந்தம் முடிந்ததும் இரண்டு பெட்டிகளோடு திரும்பினார். அங்கேயே தங்கிவிட அவருக்கு உரிமை இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் ஈட்டப் போனார்; ஈட்டித் திரும்பினார். வாழப் போவதாக எண்ணிச் செல்பவரே ஏமாறுவர். “போகிற இடத்தில் உன் பிள்ளை வளர முடியுமா என்று கேட்டுக்கொண்டு போ” என்பது அவர் எனக்குச் சொல்லும் அறிவுரை.

அமெரிக்கா

ஊதியத்தில் உயர்ந்த நாடு இது. ஆனால், பட்டதாரிகளுக்கான எச்-1பி விசா ஆண்டுக்கு 85,000 பேருக்கே உண்டு. முதலில் மூன்றாண்டு, நீட்டித்தால் ஆறாண்டு. வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள் அவகாசம். நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டையிலோ, ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏழு விழுக்காட்டிற்கு மேல் இல்லை என்ற வரம்பு உண்டு. ஆகவே இந்தியர்களின் வரிசை பல்லாண்டுகள் நீள்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதையும் நினைவிற்கொள்க. ஒரே அறிவிப்பில் நம் கணக்குகள் தலைகீழாகலாம்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும்

வயது, கல்வி, மொழித்திறன், வேலை அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1967-ஆம் ஆண்டில் தொடங்கிய நாடு கனடா. இம்முறையில் தேர்வானவர் போய் இறங்கும்போதே நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெறுகிறார். வேலை மாறினாலும் இழந்தாலும் அவ்வுரிமை போகாது. ஐந்தாண்டுகளில் 1,095 நாட்கள் அங்கே வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவும் மதிப்பெண் முறையைக் கையாள்கிறது. கனடாவில் 20 முதல் 29 வயதுவரை வயதிற்கு முழு மதிப்பெண். பிறகு ஆண்டுதோறும் குறையும். இளமையே இங்கு முதலீடு எனலாம். ஆனால், படிப்பு முடிந்த கையோடு போய்விட முடியாது. வேலை அனுபவம் தேவை.

ஜெர்மனி

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. தகுதியுள்ளவர் அங்கே சென்று ஓராண்டு வரை தங்கி வேலை தேடுவதற்கான ‘வாய்ப்பு அட்டை’ 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமைக்கான காத்திருப்பும் அவ்வாண்டில் எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அங்கே வேரூன்ற வேண்டுமானால் ஜெர்மன் மொழி தெரிந்தாக வேண்டும். அம்மொழியின் முதற்பாடத்தை நானும் தொடங்கியிருக்கிறேன்.

குடியுரிமை ஏன் முக்கியம்?

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைத் தலைமுறை தலைமுறையாக உழைத்து வளர்த்த மலையகத் தமிழர் பெரும்பாலோரை, 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அப்படி வந்தவர்கள் பலர் நீலகிரியில் புதுவாழ்வு தொடங்கினர். உழைப்பு மட்டுமே உரிமையாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிற நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ அட்டை பெறலாம். ஆனால், அதைக்கொண்டு இங்கே வாக்களிக்கவோ விளைநிலம் வாங்கவோ இயலாது.

நாம் செய்யக்கூடியவை

நம் பட்டத்தை அந்நாடு எவ்வாறு மதிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நம் மூன்றாண்டுப் பட்டத்தை முதுகலைச் சேர்க்கைக்குப் போதாது என்று கருதும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல உள. அடுத்து, மொழித்தேர்வுக்குக் கல்லூரி நாட்களிலேயே ஆயத்தமாக வேண்டும். மூன்றாவதாக, முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்பதை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர் சிலர், மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டனர். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவரை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தலாகாது.

நண்பர்களே! பத்தாண்டு உழைத்து, கடனை அடைத்து, ஊர் திரும்ப விரும்புவோருக்கு வளைகுடாவே பொருத்தமாக இருக்கலாம். பிள்ளைகளோடு வேரூன்ற விரும்புவோருக்குக் கனடாவோ ஆஸ்திரேலியாவோ ஜெர்மனியோ ஏற்றவை. இரண்டில் நமக்கு வேண்டியது எது என்பதை வீட்டாருடன் அமர்ந்து முதலில் முடிவு செய்வோம். நாட்டின் பெயரை அதற்குப் பின் எழுதிக்கொள்வோம்.